குஞ்சம்மாள் கூப்பிட்ட குரல்

ஆடி மாதம் வந்தால் எனக்குத் தொண்டையும் இருக்காது, தூக்கமும் இருக்காது. கூழ் ஊற்றும் விழா, தீமிதி, காதுகுத்து, நடுநடுவே கண்ணீர் அஞ்சலி. ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற அறிவிப்புகளைக் கள்ளக்குறிச்சியில் முக்கால்வாசி நான்தான் பேசிப் பதிவு செய்கிறேன். அன்று மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கொஞ்சம் தலைசாய்க்கலாம் என்று பார்த்தேன். பொறுக்குமா? குனிந்து உள்ளே வந்தாள் ஒருத்தி. அவள் தோளைப் பிடித்தபடி பின்னாலேயே ஒரு கிழவர்.

"சாதுல்லா பாய் நீங்கதானா? கொரலு புடிச்சிக் குடுப்பீங்களாமே?"

கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். அவள் பெயர் குஞ்சம்மாள். கூட வந்தவர் அவள் புருஷன் இருசப்பன். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தேன். பஸ் அலுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். கொடுத்துவைத்தவர்.

"தொண்டைல கட்டி பாய். நாளைக்குப் பாண்டிச்சேரில கொரல் பெட்டியவே எடுத்துடுவாங்களாம். இவரு ஆடுங்களோட மலைச் சரிவுக்குப் பூடுவாரு. சாயங்காலம் நான் கூப்டா, அந்தக் கொரலப் புடிச்சிக்கினு வூடு வந்து சேருவாரு. இனிமே ஆரு கூப்புடறது? வூட்ல எங்கள விட்டா ஆளு இல்ல. என் கொரல இந்த போன்ல போட்டுக் குடுங்க, ஸ்பீக்கர்ல வெச்சிக்கிறோம்."

இதற்கு மேல் எங்கே தூங்குவது? உள்ளே அழைத்துப் போய் மைக் முன்னால் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

"ஓஓஓய்... இங்கியேஏஏ..."

அந்த ஒல்லி உடம்புக்குள் இவ்வளவு குரலா என்று அசந்துபோனேன். ஆனால் பதிவைப் போட்டுக் கேட்டால், எண்ணெயில் கடுகு போட்டதுபோல ஒரே சடசடப்பு. என் கணினிக்கு வயதாகிவிட்டது. உள்ளே வருகிற குரலை அது சற்று நேரம் கையில் வைத்திருந்துதான் எழுதும். அந்த அவகாசத்துக்குப் பெயர் பஃபர். அதைக் குறைவாக வைத்தால் கணினி திணறி, குரல் இப்படித்தான் வெடிக்கும்.

அந்தப் பதிவை அழித்தேன். வைஃபையை அணைத்தேன், ஆன்டிவைரஸை நிறுத்தினேன், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற அமைப்பை மாற்றிக் கணினியை முழு வேகத்தில் ஓடவிட்டேன். மறுபடி கூப்பிட்டாள். சடசடப்பு கம்மியானதே தவிரப் போகவில்லை. எரிச்சலில் பஃபரை இருப்பதிலேயே பெரிய அளவுக்கு ஏற்றினேன்.

சடசடப்பு சுத்தமாக நின்றது. ஆனால் இப்போது அவள் "ஓஓ" என்று தொடங்கியதுமே நிறுத்திக்கொண்டாள்.

"ஏம்மா நிறுத்தற? முழுசா கூப்புடு."

"சரி பாய்."

மறுபடியும் "ஓஓ" என்றாள். மறுபடியும் வாயை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். நான் அதட்ட அதட்ட, அவள் தொடங்கித் தொடங்கி நிறுத்தினாள். ஒவ்வொரு தடவையும் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. இருமினாள். தண்ணீர் கொடுத்தால் விழுங்கவே சிரமப்பட்டாள். சடசடப்போடாவது முதலில் கிடைத்த நல்ல குரலை நானே அழித்துவிட்டேனே என்று என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. அதையும் அவளிடம்தான் காட்டினேன்.

"இன்னாம்மா வெளையாடறியா? இருக்கற கொரலும் பூட்சின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது!"

"பதிலு வருது பாய்" என்றாள், ஹெட்போனைத் தொட்டுக் காட்டி. "மலைல அந்தாண்டயிலேர்ந்து பதிலு வந்தா நாம வாய மூடிக்கணும். ரெண்டு பேரும் கத்துனா ரெண்டு பேருக்கும் கேக்காது. இதுல ஆரோ ஒரு பொம்பள பதிலு குடுக்கறா. பாவம், அவளும் நிறுத்தி நிறுத்திக் கூப்புடறா. முடிக்கட்டும்னு நிக்கறேன்."

அது அவள் குரல்தான். நான் ஏற்றிவைத்த பஃபர், அவள் குரலை அவளுக்கே தாமதமாக அனுப்பிக்கொண்டிருந்தது. உண்மையில் அந்த ஹெட்போனே தேவையில்லை. வருகிறவர்களுக்கு ஸ்டுடியோ மாதிரி தெரியட்டுமே என்று நான் மாட்டிவிடுவதுதான். அதைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"ஒரே தரம் கூப்புடுங்கம்மா. ஆரும் பதிலு சொல்ல மாட்டாங்க."

கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டாள். இந்த முறை நிறுத்தவில்லை. "இங்கியேஏஏ" என்று இழுத்த இடத்தில் மட்டும் ஒரு கீறல் விழுந்தது. அதற்கப்புறம் அவளுக்குப் பேச்சே வரவில்லை. போதும் என்று கையைக் காட்டினாள்.

கீறலைத் துடைக்கலாமா என்று மௌஸைப் பிடித்தேன். வேண்டாம், இனி எதையும் அழிக்கிற தைரியம் எனக்கு இல்லை. அப்படியே அவள் போனில் ஏற்றிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க முன்கடையில் இருந்த பெரிய ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஓஓஓய்... இங்கியேஏஏ..."

வெளியே பெஞ்சு கிரீச்சிட்டது. தூக்கம் கலைந்த இருசப்பன் ஷட்டரைத் தடவிக் குனிந்து உள்ளே வந்தார். வாசலருகே நின்றிருந்த குஞ்சம்மாள் அவரைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். அவர் அவளை உரசிக்கொண்டு தாண்டிப் போனார். நேராக மூலைக்குப் போய் ஸ்பீக்கர் பெட்டியின்மேல் கையை வைத்தார்.

"வந்துட்டேன் புள்ள" என்றார் அதனிடம்.

குஞ்சம்மாள் நீட்டிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினாள்.