சங்கரலிங்கத்தின் ஷெட் ஃபைல்

பெண் பார்க்க வந்த அன்று, கேசரித் தட்டைக் கையில் வாங்கிய ஐந்தாவது நிமிடம் சரி என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் சங்கரலிங்கம். அதே மனிதருக்கு வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டி வைக்க ஒரு ஷெட் வேண்டும் என்றபோது பத்து மாதம் போதவில்லை. "என்னையும் இப்படி விசாரிச்சு எடுத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று அவர் மனைவி லட்சுமிகாந்தம் மருமகளிடம் சொன்னாள். பிரீத்தி சிரித்தாள். லட்சுமிகாந்தம் சிரிக்கவில்லை. அவள் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சிவகாசியில் நாற்பது வருடத்துக்கு மேல் காலண்டர் அச்சாபீஸ் நடத்தியவர் அவர். போன தை ஒன்றாம் தேதி சாவிக்கொத்தை மகன் தருண்குமார் கையில் கொடுத்துவிட்டு, வீட்டில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. உட்கார்ந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அடுக்களைக்குள் வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "துவரம்பருப்பு இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும்? அடுத்த லோடு எப்ப?" என்று கேட்டார். தாளித்துக்கொண்டிருந்தபோது கடாயை எட்டிப் பார்த்து, "கடுகுல வேஸ்டேஜ் ஜாஸ்தியா இருக்கே" என்றார். சாப்பாட்டு மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டார். மறுநாள் பழையபடி திருப்பினார். வேலைக்கு வரும் அய்யம்மாள், "அண்ணாச்சி எப்பக்கா வெளியூர் போவாக?" என்று ரகசியமாகக் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை அந்த வீடு லட்சுமிகாந்தத்துடையது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். சமையலை முடித்துவிட்டு, ஹாலில் வெறுந்தரையில் ஒரு தலையணையைப் போட்டு ஃபேனுக்கு நேராகப் படுப்பாள். வாரப் பத்திரிகையை இரண்டு பக்கம் படிப்பதற்குள் தூங்கிவிடுவாள். எழுந்ததும் கோவில்பட்டியில் இருக்கும் தங்கையிடம் போனில் ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். இவ்வளவுதான் அவள் சொத்து. இப்போது படுத்தால், "உடம்புக்குச் சரியில்லையா?" என்று தலைமாட்டில் ஒரு குரல். போன் பேசினால், "யாரு லைன்ல?" என்று அதே குரல். அறுபத்திரண்டு வயதில் ஒருத்திக்குத் தன் வீட்டிலேயே ஒதுங்க இடமில்லை.

தோட்டம் போடச் சொன்னது தருண்குமார். பின்னால் முருங்கையும் எலுமிச்சையும் மட்டும் நின்ற காலி இடத்தில் கத்தரி, வெண்டை, மல்லிகை என்று வைத்தார். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அதற்கான தட்டுமுட்டெல்லாம் வீட்டுக்குள் வந்தது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மண்புழு உர மூட்டை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மண்வெட்டி. பூஜை அறை வாசலில் மருந்தடிக்கும் தெளிப்பான். மாசி மாதம் ஒருநாள் அவரே, "பின்னால ஒரு செட்டு போட்டுட்டா என்ன?" என்று கேட்டபோது, லட்சுமிகாந்தத்துக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. சாமான்கள் வெளியே போகும். அவற்றின் பின்னாலேயே அவரும் போவார். ஒரு நாற்காலியும் ஃபேனும் போட்டுக் கொடுத்தால், பத்து மணிக்குப் போனவர் ஐந்து மணிக்குத்தான் வருவார். இந்தக் கணக்கை அவள் தங்கையிடம் சொன்னாள், பிரீத்தியிடம் சொன்னாள், அய்யம்மாளிடமும் சொன்னாள். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

அவர் உடனே ஒரு ஃபைல் போட்டார். அங்கேயே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

கட்டுவதா, ரெடிமேடாக வாங்குவதா என்பது முதல் பக்கம். கட்டுவதற்குக் கொத்தனார் அய்யாதுரை வந்தார். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பட்டாசுக் கம்பெனிகளுக்கெல்லாம் வெடிமருந்து அறை கட்டிக்கொடுத்தே தலை நரைத்த மனிதர். தாளில் சதுரமாகக் கோடு போட்டு நான்கு பக்கமும் நான்கு கதவு வைத்துக் கொடுத்தார்.

"மண்வெட்டி வைக்கிற ரூமுக்கு எதுக்கு அய்யாதுரை நாலு கதவு?"

"பளக்கதோசம் அண்ணாச்சி. கை தானாப் போட்டுருச்சு. ஏதாவது ஒண்ணுன்னா ஆளு வெளிய ஓடணும்லா?"

"வெண்டைக்கா வெடிக்குமாய்யா?" என்று லட்சுமிகாந்தம் கேட்டாள். அய்யாதுரை தலையைச் சொறிந்துகொண்டு மூன்று கதவைக் கோடு போட்டு அடித்தார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சங்கரலிங்கத்துக்கு நான்கு கதவில் ஏதோ விஷயம் இருப்பதாகப் பட்டுவிட்டது. காற்றோட்டம் என்றார். எந்தப் பக்கம் நின்றாலும் உள்ளே நுழையலாம் என்றார். நான்கு பக்கமும் கதவு என்றால் சாமான்களை எதில் சாய்த்து வைப்பது என்று கண்டுபிடிக்க அவருக்கு மூன்று வாரம் ஆனது.

அடுத்தது நாள் பார்ப்பது. கட்டுவதென்றால் வாஸ்து நாளில்தான் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டும். வருடத்துக்கு எட்டே எட்டு நாள். வீட்டில் சுவருக்கொன்றாகக் காலண்டர் தொங்கியது. எல்லாம் அவர் அச்சாபீஸில் அடித்தவை. "அதப் பாத்து ஒரு நேரத்தக் குறிங்களேன்" என்றாள்.

"அத எப்படி நம்புறது?"

"ஏன், நீங்க அடிச்சதுதானே?"

"அதனாலதான் சொல்றேன். புரூஃப் யாரு பாத்தா, எப்படிப் பாத்தான்னு எனக்குத்தானே தெரியும். ஒரு வருசம் நகைக்கடை ஆர்டர்ல அமாவாசைய ஒருநாள் தள்ளிப் போட்டு, பாதி ஊரு மறுநாள் போயித் தர்ப்பணம் குடுத்துச்சு."

ஊருக்கெல்லாம் நாள் குறித்துக் கொடுத்த மனிதர், பக்கத்துத் தெருவில் இன்னொரு அச்சாபீஸ்காரரிடம் போய் அவர் அடித்த காலண்டரை வாங்கிவந்தார். அதில் நேரம் இருபத்து நான்கு நிமிடம் வித்தியாசப்பட்டது. எது சரி என்று விசாரித்து முடிப்பதற்குள் மாசி இருபத்திரண்டு போய்விட்டது. சித்திரைப் பத்தில் கதவு கிழக்கே பார்க்கவா வடக்கே பார்க்கவா என்று முடிவாகவில்லை. வைகாசியில் அய்யாதுரைக்குக் கையில் சிமெண்ட் புண். ஆடியில் வாஸ்து நாள் இருந்தாலும் ஆடியில் ஆரம்பிப்பார்களா என்றார். ஆவணியில் மணல் சரியில்லை. ஐப்பசியில் தீபாவளி சீசன், மேலே மழை, கொத்தனாரும் இல்லை, சித்தாளும் இல்லை.

வாங்குவதென்றால் நாள் கிழமை எதுவும் வேண்டாம் அல்லவா? அதற்கும் ஒரு பக்கம் ஃபைலில் இருந்தது. விருதுநகர் பைபாஸில் தகர அறைகள் செய்து விற்கும் கம்பெனி ஒன்று. அங்கே விக்னேஷ்குமார் என்று ஒரு பையன், பொறுமைசாலி. சங்கரலிங்கம் ஏழு முறை போனார். தகரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். திருகாணியைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்தார். வெயிலில் உள்ளே எவ்வளவு கொதிக்கும் என்று தெரிய வேண்டுமாம், ஆமத்தூரில் தெரிந்தவர் தோட்டத்தில் இதே போன்ற அறை இருக்கிறதென்று சித்திரை வெயிலில் உச்சி நேரத்தில் அதற்குள் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி முழுக்கத் தலைவலி. எண்ணெய் தேய்த்துவிட்டது லட்சுமிகாந்தம். "சூடு இருக்கு" என்று முனகினார். இதைச் சொல்ல ஆமத்தூர் வரை போக வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அதையும் எழுதி வைப்பார்.

கார்த்திகை பிறந்தது. ஒரு புதன்கிழமை காலை, மண்புழு உர மூட்டையில் கால் இடறி, கையிலிருந்த சாம்பார்ச் சட்டியோடு அவள் சாயப்போனாள். சட்டி தப்பியது. அவள் பொறுமை தப்பவில்லை. அவர் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஃபைலைத் திறந்து, விக்னேஷ்குமாரின் நம்பரை எடுத்தாள்.

"தம்பி, நான் சங்கரலிங்கம் வீட்டுல பேசுறேன். எங்க வீட்டுக்காரவுக ஏழு தடவ வந்து பாத்தாகள்ல, அதே செட்டு. நாளைக்குக் கொண்டாந்து இறக்கிருவீகளா? அவுககிட்ட மட்டும் மூச்சு விடப்பிடாது."

"நெசமாத்தான் சொல்றீகளாக்கா?" என்றான் அந்தப் பையன்.

மறுநாள் சங்கரலிங்கம் எட்டாவது முறையாக விருதுநகர் கிளம்பினார். கூரையில் தண்ணீர் வழிய எத்தனை அங்குலம் சரிவு என்று கேட்க வேண்டுமாம். அவள் தடுக்கவில்லை. பதினொரு மணிக்கு லாரி வந்தது. நான்கு பேர் இறக்கினார்கள். நான்கு கான்கிரீட் கட்டைகள் மேல் தூக்கி வைத்தார்கள். அரை மணி நேர வேலை. அய்யம்மாளும் அவளுமாக மூட்டை, மண்வெட்டி, தெளிப்பான் எல்லாவற்றையும் கொண்டுபோய் உள்ளே அடுக்கிவிட்டு, வீட்டைக் கழுவித் துடைத்தார்கள். அதன்பிறகு லட்சுமிகாந்தம் ஹாலில் தலையணையைப் போட்டுப் படுத்தாள். பத்து மாதத்தில் முதல்முறையாக யாரும் அவளுக்கு என்ன செய்கிறது என்று கேட்கவில்லை.

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "ஆமத்தூர்ப் பக்கம் எதுக்க ஒரு லாரி போச்சு. மேல ஒரு செட்டு. எவனோ புத்திசாலி, யோசிச்சு நல்லதா வாங்கிருக்கான்."

"அந்தப் புத்திசாலி நாந்தான். பின்னால போயிப் பாருங்க" என்றாள்.

அவர் போனார். சுற்றிச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். கோபித்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காலையில் பார்த்தால், சாப்பாட்டு மேஜையில் புது ஃபைல். மேலே கொட்டை எழுத்தில், "ஷெட்: வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா."

லட்சுமிகாந்தத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு என்னதான் வேணும்? செட்டு வந்தாச்சு. உள்ள நாற்காலி போட்டாச்சு. மத்தியானம் ஆளு வந்து ஃபேன் மாட்டிருவான். போயி உக்காரப்பிடாதா?"

"எதுக்கு உனக்கு அம்புட்டு அவசரம்?"

"பத்து மாசம் அவசரமா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "தை மாசம் நான் இறங்குன மறுவாரமே தருண் என் மேஜையத் தூக்கி குடோன்ல போட்டுட்டான். புது மேஜை வேணும்னான். சரின்னேன். இப்ப நீ என்னையத் தூக்கிக் கொல்லையில போடுத. எனக்குத் தெரியாதா? செட்டுப் பேச்சு எடுத்தப்ப உன் மூஞ்சி எப்படி மலர்ந்துச்சுன்னு நான் பாக்கலையா?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. பாவமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அதோடு சேர்த்து, இந்த ஒரு வார்த்தையை மாசி மாதமே சொல்லியிருந்தால் பத்து மாதம் மிச்சமாகியிருக்குமே என்று ஆத்திரமும் வந்தது. மூன்றில் ஆத்திரம்தான் முன்னால் நின்றது.

"ஆமா, உங்கள வெளிய அனுப்பத்தான் வாங்குனேன். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பகல்ல எனக்குன்னு ஒரு வீடு இருந்துச்சு. நீங்க வந்து அதப் பிடுங்கிக்கிட்டீக. கேட்டுட்டா எடுத்தீக?"

"இது என் வீடு இல்லையா லட்சுமி?"

"உங்க வீடுதான். நீங்களே வச்சிக்கோங்க. யாரும் உங்களத் தூக்கி எங்கயும் போடல." அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "செட்டு எனக்கு."

அவர் சிரித்தார், வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று. அவள் தலையணையையும் பத்திரிகையையும் தண்ணீர் பாட்டிலையும் போனையும் எடுத்துக்கொண்டாள். அடுப்பில் சாதம் வைக்கவில்லை, குழம்பு கூட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பத்து ஆனபோது பின்வாசல் வழியாக இறங்கிப் போனாள்.

கார்த்திகை மழைக்காலம், தகரம் அவ்வளவாகக் காயவில்லை. உர மூட்டையின் வாசனை இருந்தது. பரவாயில்லை. மூட்டைகளை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டாள். தாழ்ப்பாளைப் போட்டாள். அது இழுத்த இழுப்புக்கு வந்தது. பத்திரிகையில் இரண்டு பக்கம் படித்தாள். கண் சொக்கியது.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. முப்பதடி தூரத்திலிருந்து சங்கரலிங்கம்.

"லட்சுமி, மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவியா, மாட்டியா? குக்கர்ல ஒரு ஆளுக்குப் போடவா, ரெண்டு ஆளுக்கான்னு தெரியணும்."

அவளுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. நாற்பத்தோரு வருடம், தினமும் இதே பதினொன்றரைக்கு அச்சாபீஸுக்குப் போன் போட்டு அவள் கேட்ட கேள்வி. ஒருநாளாவது மனிதர் வருகிறேன் என்றோ, வரவில்லை என்றோ சொன்னதில்லை. எத்தனை நாள் தட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டு மூன்று மணி வரை பசியோடு உட்கார்ந்திருப்பாள். அவர் அப்போதெல்லாம் என்ன சொல்வார் என்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"இப்பச் சொல்ல முடியாது. வேலையப் பொறுத்து" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.