தினம் ஒரு சீட்டு

ஒன்பதாம் வகுப்பில் யாரோ தன் வேலைக்கு உலை வைக்கிறார்கள் என்பதில் மோகனப்பிரியாவுக்குச் சந்தேகமே இல்லை. ஆள் யார் என்பதுதான் பிடிபடவில்லை.

சத்தியமங்கலத்தில் ஒரு தனியார் பள்ளி. கணக்கு டீச்சராக, தற்காலிகமாக அவள் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் போதும், முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில் "புரிஞ்சுதுங்க மிஸ்!" என்பார்கள். அதை நம்பி என்ன செய்வது? அதனால் வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுக்க ஆரம்பித்தாள். பெயர் வேண்டாம், பாடம் புரிந்ததா இல்லையா என்று மட்டும் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும்.

முப்பத்தேழு சீட்டில் ‘புரிந்தது’ என்று இருக்கும். ஒரே ஒரு சீட்டில் மட்டும் ‘ஒண்ணுமே புரியலீங்க மிஸ்’. ஒரு நாளாவது அது இரண்டாகுமா, இல்லாமல்தான் போகுமா? ஊகூம். சொல்லிவைத்தாற்போல் தினமும் ஒன்று, அதுவும் தினம் ஒரு கையெழுத்தில். எழுத்தை மாற்றி மாற்றி எழுதுகிற கில்லாடி எவனோ!

முதலில் அறிவியல் வாத்தியார் கோபாலசாமி மேல்தான் அவளுக்குச் சந்தேகம். அவருடைய அக்கா மகளும் இதே வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அவரோ தினமும், "ஏனுங்க டீச்சர், இன்னைக்கு டப்பாவுல என்னங்க வந்துச்சு?" என்று விசாரிக்கிறார். பிள்ளை யாரையோ தூண்டிவிட்டுவிட்டு என்ன அக்கறை பார் என்று பல்லைக் கடித்தாள். அப்புறம் கடைசி பெஞ்சு மிதுன். சீட்டுப் போடும்போது அவன் சிரிக்கிற சிரிப்பே சரியில்லை.

இந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை மெர்சி கூப்பிட்டனுப்பினார். "வெள்ளிக்கிழமை நானே வகுப்புக்கு வந்து சீட்டைப் பாக்கறனுங்க. அதை வெச்சுத்தான் உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு லெட்டர் குடுக்கோணும்." இந்த வேலை போனால் மோகனப்பிரியா மறுபடியும் திருப்பூர் பனியன் கம்பெனியில் டைப் அடிக்கத்தான் போக வேண்டும்.

திங்கட்கிழமை ஒரு காரியம் செய்தாள். சீட்டுகளின் மூலையில் பென்சிலால் கண்ணுக்குத் தெரியாத அளவில் வருகைப்பதிவு எண்ணை எழுதி, அவரவருக்குரியதை அவரவர் கையில் கொடுத்தாள். பெயர் வேண்டாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்வது திருட்டுத்தனம்தான். இருந்தாலும் செய்தாள்.

அன்றைக்குச் சிக்கியது பதினான்காம் எண். செவ்வாய்க்கிழமை பதினைந்து. அடப்பாவிகளா, கூட்டமாகக் கிளம்பியிருக்கிறார்களா! புதன்கிழமை பதினாறு. பதினாறு கனிஷ்கா ஆயிற்றே! ஒவ்வொரு தேர்விலும் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள். மோகனப்பிரியா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உனக்குமா புரியல அம்மணி? இப்படி எழுத யாரு சொல்லிக் குடுத்தாங்க? கோபாலசாமி சாரா?"

கனிஷ்கா மிரண்டுவிட்டாள். "ஐயோ, சாருக்கு ஒண்ணும் தெரியாதுங்க மிஸ். யாருக்குமே புரியறதில்லீங்க. நான் கணக்கையெல்லாம் மனப்பாடம் பண்ணிப்போட்டு வாரனுங்க. எல்லாரும் அப்படியே எழுதுனா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு, நம்பர் வரிசையில தினம் ஒருத்தர் மட்டும் எழுதறதுன்னு பேசி வெச்சுக்கிட்டோமுங்க."

மோகனப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எட்டு மாதமாகத் தொண்டை வறளக் கத்தியதெல்லாம் யாருக்கு? பாவம் கோபாலசாமி, அந்த மனுசனை மனசுக்குள் எப்படியெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டாள்!

மறுநாளே பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொன்னாள். "இனி முறை வெச்சு எழுதறதெல்லாம் வேண்டாங் கண்ணுகளா. எல்லாரும் உள்ளதை எழுதுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்." முப்பத்தெட்டுத் தலைகளும் ஆடின.

வெள்ளிக்கிழமை மெர்சி மேடம் லெட்டரோடு வந்து வகுப்பில் உட்கார்ந்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள், மிஸ்ஸைப் பார்த்தார்கள், குனிந்து எழுதினார்கள். டப்பா நிறைந்தது. மேடம் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் அடுக்கினார். ‘நன்றாகப் புரிந்ததுங்க மிஸ்.’ ‘ரொம்பப் புரிஞ்சுதுங்க.’ முப்பத்தெட்டிலும் அதேதான். கடைசி பெஞ்சிலிருந்து மிதுன், காப்பாற்றிவிட்டோம் என்பதுபோல் அவளைப் பார்த்துத் தலையாட்டினான்.

"பிரமாதமுங்க! ஒருத்தர்கூட விட்டுப்போகல பாருங்க" என்று சொல்லி, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார் மேடம்.

சும்மா இருந்தால் வேலை நிச்சயம். ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"மேடம்... இதுல ஒண்ணுகூட நெசமில்லைங்க" என்றாள் மோகனப்பிரியா.

மேடம் பேனாவை மூடி வைத்தார்.