மைனஸ் பன்னிரண்டு

பற்றரியின் கணக்கு பதினொன்று தசம் எட்டு வோல்ட்டுக்கு இறங்கியதும் அப்ராஸ் வானத்தைப் பார்த்து ஏசினான். காலையில் இருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். வானம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாணமைக்கு அங்கால் கடலுக்கு மேலே மேகம் கறுத்துத் தடித்துக் கிடந்தது. வேனின் கூரையில் பூட்டியிருந்த இரண்டு சோலர் தகடுகளும் வெயிலைக் காணாமல் சும்மா படுத்திருந்தன.

வேனுக்குள், பின் இருக்கைக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு பிரிஜ் இருந்தது. அதற்குள் தண்ணீர்ப் போத்தல்கள், சுட்டுத் தின்ன வாங்கிய பாரை மீன், மனைவியின் தாயாகிய மாமியின் இன்சுலின் குப்பிகள் இரண்டு. மீன் பழுதானால் காகத்துக்குப் போடலாம். இன்சுலின் பழுதானால் பொத்துவில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். போன மாரியில் காய்ச்சலோடு இரண்டு நாள் ஊசி போடாமல் விட்டதற்கே மாமி மயங்கி விழுந்து, ஒரு கிழமை வார்ட்டில் கிடந்து எழும்பி வந்தவர். அதனால்தான் அப்ராஸின் கண் அந்தப் பற்றரிக் கணக்கை விட்டு அசையவில்லை.

அப்ராஸ் நற்பிட்டிமுனையில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் சிசிடிவி கமரா பூட்டிக் கொடுக்கிறவன். கையில் வயரும் குறடும் இருந்தால் உலகமே தன் சொல் கேட்கும் என்பது அவன் எண்ணம். வேனில் சில இருக்கைகளைக் கழற்றி, படுக்கை அடித்து, சோலர் பூட்டி, பிரிஜ் வைத்து, மனைவி றிப்னாவையும் மாமி ஆயிஷா உம்மாவையும் ஏற்றிக்கொண்டு, மூன்று நாள் கடற்கரையில் வேனிலேயே படுத்து எழும்புவது என்று கிளம்பியிருந்தான். வழி நெடுக அந்தப் பிரிஜ்ஜின் புகழ்தான். கேட்டுக் கேட்டு றிப்னா பொத்துவில் வருவதற்கு முன்பே தூங்கிப்போனாள். மாமி மட்டும் தூங்காமல் ஒவ்வொன்றுக்கும் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மாமி அப்படித்தான். கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருக்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் அப்ராஸ் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளில் இருந்து மாமி அவனை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அவன் உள்ளே வந்தால் எழும்பி நிற்பார், தலையில் முக்காட்டை இழுத்து விடுவார், மீன் நடுத்துண்டை அவன் பீங்கானில் வைப்பார். வீட்டுக்கு வந்த மருமகன் முகம் சுளிக்கக் கூடாது. அது அவருக்குத் தொழுகைக்கு அடுத்த கடமை. அப்ராஸும் மனுஷன்தானே, அதில் சுகம் கண்டுவிட்டான்.

புறப்படுகிற அன்று மாமி ஒரு சின்ன மண் முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஈர மணல் போட்டு அதற்குள் மருந்தை வைத்தால் குளிராக இருக்கும் என்று கிளினிக்கில் சொல்லிக் கொடுத்த முறை அது.

"முட்டியா? மாமி, இந்தப் பிரிஜ்ஜுக்கு முன்னால முட்டியா?" என்று அப்ராஸ் சிரித்தான்.

மாமி முட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

நேற்றுப் பகல் வெயில் கொளுத்தியது. தகடுகள் கரண்டைக் கறந்து தள்ளின. அப்ராஸுக்கு ஒரே புளகம். இவ்வளவு வெயிலும் சும்மா போகிறதே, குளிரைச் சேமித்து வைத்தால் என்ன என்று பிரிஜ்ஜை மைனஸ் பன்னிரண்டுக்குத் திருகிவிட்டான். போத்தல்கள் பகலிலேயே கல்லாக உறைந்துவிட்டால் இரவு பிரிஜ் ஓடாமலே குளிர் நிற்கும், பற்றரியும் மிச்சம். யோசனை நல்ல யோசனைதான். இரவு படுக்கும்போது மறுபடி நான்கில் வைத்தான்.

ஆனால் விடிந்ததும் மேகம் மூடிக்கொண்டது. காற்றும் இல்லை. வேனுக்குள் அவித்தது. பிரிஜ் மட்டும் விடாமல் முனகி முனகிப் பற்றரியைக் குடித்துக்கொண்டிருந்தது.

"எஞ்சின ஸ்டார்ட் பண்ணிச் செருகினா ஓடும்தானே?" என்று றிப்னா பகலில் கேட்டாள்.

"எஞ்சின்ல ஓட்டுறதெண்டா எவனும் ஓட்டுவான். அப்ப சோலர் என்னத்துக்கு?"

"உம்மாட மருந்து உள்ளுக்க இரிக்கி."

"எனக்குத் தெரியாதா? மேகம் விலகும் பொறு."

மாமி வேன் நிழலில் பாயைப் போட்டுக் கிடந்தார். "மகள், அந்தத் தண்ணிய எடு," என்றார். காலையில் இருந்து எத்தனை போத்தல் ஆயிற்றோ தெரியாது. குடிப்பதும், புதர்ப் பற்றைக்குப் பின்னால் போய் வருவதும், திரும்ப வந்து குடிப்பதுமாகவே இருந்தார். ஒவ்வொரு முறை குடித்தும் "மருமகன்ட பிரிஜ் என்ன குளிர்!" என்று சொல்ல மறக்கவில்லை. அந்தப் பாராட்டு அப்ராஸுக்கு அந்த நேரத்தில் தேவையாகவும் இருந்தது. சூட்டுக்குத் தாகம் என்று நினைத்துக்கொண்டான்.

அஸர் தொழுது வெகு நேரம் கழித்து, பொழுது சாய்கிற வேளையில் பிரிஜ் கீச்சென்று கத்தியது. மறுபடி கத்தியது. பிறகு அடங்கிப்போயிற்று.

அப்ராஸ் பாய்ந்து போய் மூடியைத் திறந்தான். மருந்தையாவது காப்பாற்ற வேண்டும். ஈரத் துணியில் சுற்றி, கூலாக இருக்கிற போத்தல்களுக்கு நடுவில் வைத்தால் அந்தி ஊசி வரைக்கும் தாங்கும். உலோகச் சுவரோடு ஒட்டிக் கிடந்த மருந்துப் பெட்டியை இழுத்தான். மட்டை ஊறிச் சுருங்கிப் போயிருந்தது. உள்ளே இருந்த குப்பியை எடுத்து, கிளினிக்கில் காட்டியபடி உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினான். பால் மாதிரி கலங்கி வர வேண்டிய மருந்து கலங்கவில்லை. தண்ணீர் வேறாக நின்றது. வெள்ளைப் பொருக்குகள் அடியில் கிடந்தன. கண்ணாடியின் உள்பக்கத்தில் உப்புப் பூத்தது போல் ஏதோ ஒட்டியிருந்தது. திறக்காத மற்றக் குப்பியும் அப்படியே. அடியில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் தூக்கினான். இந்த அவியலிலும் அதற்குள் ஒரு பனிக்கட்டி கரையாமல் மிதந்தது.

மைனஸ் பன்னிரண்டு.

கிளினிக்கில் தாதி சொன்னபோது மாமிக்குப் பக்கத்தில் நின்றவனே அவன்தான். சூடும் படக் கூடாது, உறையவும் கூடாது. உறைந்தால் அது வெறும் தண்ணீர், எறிந்து போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். சூட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மற்றதைக் கோட்டை விட்டுவிட்டான்.

அந்த இடத்தில் நல்ல மனுஷன் என்றால் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருப்பான். அப்ராஸ் தப்ப வழி தேடினான். வானம் ஒரு வழியைத் தயாராக வைத்திருந்தது.

"இஞ்ச பாரு றிப்னா! நான் சொன்னன்தானே? இந்த மேக மப்பால பிரிஜ் நிண்டு, சூட்டுல மருந்து பழுதாப் போச்சி."

றிப்னா ஓடி வந்து குப்பியை வாங்கிப் பார்த்தாள். "யா அல்லாஹ்! இப்பதானா பழுதான?"

"இப்பதான். காலையில நல்லாத்தானே இருந்திச்சி."

அவள் யோசித்தாள். "அப்ப காலையில ஏத்தின ஊசி சரி. இந்த அந்தி ஊசி மட்டும்தானே இல்ல. மஃரிபு நேரம், ஆன றோட்டுக்கு ஏறிரிக்கும். விடியப் போவமா?"

"ஓம் மகள்," என்று பாயில் இருந்து மாமியின் குரல் வந்தது. "மருமகன் செல்றது சரிதான். சூட்டுலதான் பழுதாகியிரிக்கி. விடிய ஆறுதலாப் போவம்."

அப்ராஸ் திரும்பிப் பார்த்தான். மாமியின் உதடு வெளிறி வெடித்திருந்தது. வெறும் போத்தலை மடியில் வைத்திருந்தார். குப்பியை ஒருக்கா எட்டிப் பார்க்காமலே சூட்டில்தான் பழுதானது என்று எப்படிச் சொன்னார்? நேற்று அந்தியிலும் இன்று காலையிலும் அந்தக் குப்பியை எடுத்து உருட்டியது மாமியின் கைதான். இன்சுலின் உருட்டி உருட்டித் தழும்பேறின கை அது. அந்தக் கைக்கா வித்தியாசம் தெரியாமல் போகும்?

அவன் பாய்க்குப் பக்கத்தில் குந்தினான்.

"மாமி, நேத்து அந்திக்கு மருந்து எப்படி இருந்திச்சி?"

"நல்லாத்தான் இருந்திச்சி மருமகன்."

"அல்லாக்காகச் செல்லுங்க."

மாமி முக்காட்டைச் சரிசெய்தார். மணலைப் பார்த்தார். "கொஞ்சம் கட்டியா இருந்திச்சி. கைக்குள்ள வெச்சிப் பொத்தினன். இளகிட்டு."

"ஐஸா?" என்றாள் றிப்னா. "என்ன ஐஸ்? சூட்டுல பழுதான எண்டாரே?"

இப்போதும் ஒரு பொய்க்கு இடம் இருந்தது. மாமி அதற்கும் தலையாட்டியிருப்பார். இந்த மனுஷி தன் உயிரைக் கொடுத்தாவது என் மானத்தைக் காப்பாற்றத்தான் போகிறார் என்று அவனுக்கு அப்போது விளங்கியது.

"சூட்டுல இல்ல," என்றான். "நான்தான் மைனஸ் பன்னிரண்டுல போட்டு உறைய வெச்சன். இப்ப உன்னட்டப் பொய் சொன்னன். நேத்து அந்தியும் இண்டைக்குக் காலையும் உம்மா ஏத்தினது வெறும் தண்ணி. விடியும் மட்டும் இரிக்கேலா. ஏறுங்க."

றிப்னா அவனைப் பார்த்த பார்வையை விவரிக்கத் தேவையில்லை. அதே பார்வையைத் தாய் பக்கமும் திருப்பினாள். "தெரிஞ்சிம் ஏன் உம்மா செல்லாம இருந்தீங்க?"

"மாப்பிள்ள எவ்வளவு ஆசையாச் செஞ்சிரிக்கார். மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிகா செல்லுற?"

"நீங்க மௌத்தாகினா மட்டும் அவர்ட மூஞ்சி நல்லா இரிக்குமா?" என்று றிப்னா கத்தினாள். கத்திக்கொண்டே தாயின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். மாமியின் கால்கள் மணலில் பின்னின.

பாயும் அடுப்பும் கடற்கரையிலேயே கிடந்தன. வேன் மணலில் உறுமிக்கொண்டு கிறவல் மண் றோட்டுக்கு ஏறியது. இரண்டு பக்கமும் பற்றைக் காடு. வெளிச்சம் வேகமாக வடிந்துகொண்டிருந்தது. பின்னால் றிப்னாவின் மடியில் மாமி கண்ணை மூடிக் கிடந்தார். "உம்மா, கதைங்க. நித்திரையாகாதீங்க," என்று றிப்னா கன்னத்தைத் தட்டித் தட்டிச் சொன்னாள். மூச்சு மேலும் கீழும் வாங்குகிற சத்தம் எஞ்சினுக்கு மேலால் கேட்டது. அப்ராஸின் வாய் அறிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதியது.

ஒரு வளைவு திரும்பியதும் பிரேக்கில் ஏறி மிதித்தான்.

நடு றோட்டில் ஆனை. தனியன். வேனைப் பார்த்து நின்றது. காதை விரித்தது. தும்பிக்கையால் மண்ணை அள்ளி முதுகில் கொட்டியது. அப்ராஸ் லைட்டைத் தாழ்த்தினான். எஞ்சினை அணைக்கவும் பயம், விடவும் பயம். பின்னால் எடுத்தால் கடல்தான். முன்னால் போனால் ஆனைதான். அது ஓர் அடி முன்னால் வந்தது. றிப்னா சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியும் அப்ராஸ் துடைக்கவில்லை.

அப்போது அவனுக்குள் ஏதோ உடைந்துபோயிற்று. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினான். "மாமி, என்ன மன்னிச்சிடுங்க மாமி. என்ட கெப்பறு, என்ட பெருமதான் மாமி. முட்டிய வாணாமெண்டு செல்லிட்டன். எஞ்சினப் போடச் செல்லியும் கேக்கல்ல. உங்களுக்கு ஏதும் ஆனா நான் எப்படி அந்த வீட்டுக்குள்ள..."

"டேய்!"

யார் குரல் என்று முதலில் அவனுக்குப் பிடிபடவில்லை.

மாமி மடியில் இருந்து தலையைத் தூக்கியிருந்தார். முக்காடு விழுந்து கிடந்தது. "அழுறதப் பொறகு அழு! ஆன ஒதுங்கி வழி உட்டுட்டு, கண்ணத் தொறந்து பாருடா! வண்டிய எடுடா மடையா!"

அப்ராஸ் நிமிர்ந்தான். உண்மைதான். ஆனை றோட்டோரம் சரிந்து ஒரு கொப்பை முறித்துக்கொண்டிருந்தது. ஒரு வேன் போகிற இடம் இருந்தது. எடுத்தான். கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தக் கறுத்த உடம்பு சுவர் மாதிரி நகர்ந்து போயிற்று. அதற்குப் பிறகு பொத்துவில் வரைக்கும் அவன் பிரேக்கை மிதித்ததாக ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தபோது மெசினில் எண் வரவில்லை. அந்த மெசின் காட்டக்கூடிய எல்லையையும் சீனி தாண்டியிருந்தது. சேலைன் ஏற்றினார்கள், நரம்பால் இன்சுலின் கொடுத்தார்கள். "விடியட்டும் எண்டு இருந்திருந்தீங்கண்டா மயக்கத்துலதான் கொண்டு வந்திருப்பீங்க," என்று டொக்டர் சொன்னார். பிழைத்திருப்பாரா என்று அப்ராஸ் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பகல், பார்வையாளர் நேரத்தில், றிப்னாவுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து வார்ட்டுக்குள் போனான். மாமி தலையணையில் சாய்ந்திருந்தார். முகத்தில் இரத்தம் ஓடியிருந்தது. மருமகனைக் கண்டதும் ஊசி ஏறியிருந்த கையாலேயே முக்காட்டை இழுத்துவிட்டார். "மகள், மருமகன் சாப்பிட்டாரா எண்டு கேளு," என்றார்.

அப்ராஸுக்குப் பகீரென்றது. பழையபடி ஆகிவிட்டதே! நேற்று றோட்டில் அந்த ஏச்சு விழுந்திராவிட்டால் இன்றைக்கு இவர் இந்தக் கட்டிலில் இருந்திருக்க மாட்டார். கட்டிலுக்குக் கிட்டப் போனான்.

"மாமி, நீங்க எனக்கு மரியாத தந்து தந்து, கடைசில உங்கள நான் கொல்லப் பாத்திட்டன். இனி ஒண்டையும் மறைக்காதீங்க. எனக்கு நோகிறதெண்டாலும் செல்லிப் போடுங்க."

மாமி அவனை நேராகப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அப்படிப் பார்த்ததே இல்லை. மகளைப் பார்த்தார். பிறகு திரும்ப அவனைப் பார்த்தார்.

"செல்லட்டா?"

"செல்லுங்க மாமி."

"முத்தத்து மாதுளைல மோட்டர் சைக்கிளச் சாத்தாதீங்க. ரெண்டு கொப்பு பட்டுட்டு."

"ஓம் மாமி."

"சுபஹுக்குப் பள்ளிக்குப் போகக்குள்ள கதவ அடிக்கிற அடிக்கு என்ட நெஞ்சி பதறுது."

"ஓம் மாமி."

"முன் சுவருக்கு ஒரு பச்ச அடிச்சீங்களே. அத எனக்குக் கண்ணுலயும் காட்டேலா."

அந்தப் பச்சையை அவனே கடை கடையாக ஏறித் தெரிந்து எடுத்திருந்தான். றிப்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அப்ராஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னும் இரிக்கா மாமி?"

"ஆறு வருஷம் மருமகன்," என்றார் ஆயிஷா உம்மா. "கதிரைய இழுத்துப் போட்டு இரிங்க."