விலகினவனும் தப்பினவனும்

பிரான்சின் தென்மேற்கில் எங்கள் லாந்துச் சீமையில் மாட்டுக்கு முன்னால் நிற்கிறவனைப் பற்றிப் பேச எத்தனையோ சொல் உண்டு. தாண்டினான், விலகினான், ஒதுங்கினான், ஏய்த்தான். எதைச் சொன்னாலும் அவன் உங்கள் தோளில் கை போடுவான். தப்பினான் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், பல்லைப் பொறுக்கிக்கொண்டுதான் வீடு போய்ச் சேர வேண்டும். என் வீட்டுக்காரர் மார்சலின் அதைத்தான் சொன்னார். அதுவும் திருவிழாவன்று, வாத்துக்கறித் தட்டு நடுவில் இருக்க, என் தம்பி பெர்னாத்தின் முகத்துக்கு நேராக.

"போன ஞாயித்துக்கெழம நீ விலகலடா மச்சான். தப்பிச்சே. மாடு கிட்ட வரதுக்குள்ள காலைத் தூக்கிட்டே."

"என்ன சொன்னே? இன்னொரு தடவ சொல்லு!"

"தப்பிச்சேன்னு சொன்னேன். காது கேக்கலயா?"

தட்டு பறந்தது. பெர்னாத் எட்டி அவர் சட்டையைப் பிடித்தான். அவர் முஷ்டியை மடக்கி அவன் தாடையில் விட்டார் ஒன்று. தம்பியின் உதடு கிழிந்து மேசைத் துணியெல்லாம் ரத்தம். அவர் கையிலும் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அந்தக் கையைத்தான் சாயங்காலம் என் தம்பி நம்பி நிற்க வேண்டும்.

எங்கள் மாட்டு விளையாட்டில், மாட்டின் கொம்பில் கட்டிய நீளக் கயிறு பலகை வேலியருகே நிற்கும் என் வீட்டுக்காரர் கையில் இருக்கும். பெர்னாத் மணலில் அசையாமல் நிற்பான். மாடு பாய்ந்து வந்து முட்டும் கணத்தில் இடுப்பை மட்டும் திருப்பி விலகுவான். சிக்கிக்கொண்டால் கயிற்றைச் சுண்டி மாட்டின் தலையை இழுத்துவிடுவது கயிற்றுக்காரரான அவர் வேலை.

அரங்குக்குப் போகிற வழியில் பார்த்தேன். அவர் விரல்கள் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தன.

"இந்தக் கையோட கயிறு பிடிக்கப் போறீங்களா? வேற ஆள விடுங்க!"

"ஏன், ஊரே என்னையும் தப்பிச்சான்னு சொல்லவா? வாய மூடிட்டு வா."

தம்பியிடம் ஓடினேன். ஜரிகைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். "அவரு வெரல் ஒடிஞ்சிருக்குடா. கயித்துக்கு வெளிப்பக்கமா மட்டும் விலகு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"கயித்துப் பக்கந்தான் விலகுவேன். அவன் கண்ணு முன்னாடியே விலகிக் காட்டுறேன்" என்றான். மாட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவில் விலகுவது இருப்பதிலேயே ஆபத்தானது. இரண்டு மடையர்களையும் ஒரே சாக்கில் போட்டு அடிக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

மொரேனா என்ற கறுப்பு மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். அவர் விரல் மடங்கவில்லை. யாரும் செய்யக்கூடாததை அந்த மனுஷன் செய்தார்: கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டார். மொரேனா பாய்ந்தது. பெர்னாத் கடைசி வரை நின்றான், சத்தியமாக நின்றான், ஆனால் கொம்பு அவன் தொடையில் இறங்கித் தூக்கி எறிந்தது. அவன் விழுந்த இடத்திலேயே மாடு மறுபடி குத்தக் குனிந்தது. என் வீட்டுக்காரர் முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தார். தலை திரும்பியது. தலையோடு மாடே அவர் பக்கம் திரும்பிவிட்டது.

கையைக் கயிறு விடவில்லை. மணலில் தரதரவென்று இழுபட்டார். வேலியோடு வைத்து அவர் விலாவை நசுக்கியது மாடு. எலும்பு நொறுங்கும் சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டது. தோள் மூட்டு கழன்று, தோலை உரித்துக்கொண்டு கயிறு நழுவியது. மாடு அவரை விடவில்லை, வயிற்றைத் தேடித் தேடி முட்டியது.

பெர்னாத் எழுந்தான். தொடையிலிருந்து ரத்தம் பூட்ஸுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மாட்டின் மூக்கில் ஓங்கி ஓர் உதை விட்டான். பிறகு எங்கள் சீமையில் எவனும் செய்யாததைச் செய்தான். முதுகைக் காட்டி ஓடினான். ஓடுகிறதைத்தான் மாடு துரத்தும். கையை வீசி, நொண்டி நொண்டி, வாய்விட்டு அலறிக்கொண்டு அரங்கின் நடுவே ஓடினான். மொரேனா அவரை விட்டுவிட்டு அவன் பின்னால் பாய்ந்தது. வேலியில் தொற்றி அந்தப் பக்கம் தலைகுப்புற விழுந்தான். மாடு முட்டிய பலகை இரண்டாகப் பிளந்தது.

விசில் பறந்தது. "தப்பிச்சான்! தப்பிச்சான்டோய்!" என்று எனக்கு முன்னால் இருந்த ஒருவன் எழுந்து நின்று கைதட்டினான். அவன் தலைமயிரைப் பிடித்து மூஞ்சியைப் பெஞ்சில் மோதினேன். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது.

ஆம்புலன்ஸில் அவருக்கு மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. பெர்னாத் தொடையில் துணியை இறுக்கிக்கொண்டு தானும் ஏறி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தான். நர்ஸ் தடுத்தாள்.

"சொந்தக்காரங்க மட்டுந்தான். நீங்க அவருக்கு யாரு?"

"இவரு என் கயித்துக்காரரு" என்றான்.

அவனை உள்ளேயே விட்டு அவள் கதவைச் சாத்தினாள்.