நான்கு மணிக்கு 2.4

மூன்று மணிக்கு 2.4. நான்கு மணிக்கு 2.4. ஐந்து மணிக்கும் 2.4. மழை நாளில் மின்னோட்டம் இப்படி அசையாமல் நிற்காது. கல்லூரி ஆய்வகத்தில் சோதனையே செய்யாமல் நாங்கள் எழுதிய அளவுகள்தான் இவ்வளவு ஒழுங்காக இருக்கும்.

எங்கள் மலையூரின் வானொலி நிலையத்துக்கு இது முப்பதாவது ஆண்டு. அதன் வரலாற்றை எழுதி நேரலையில் வாசிக்கச் சொல்லி, பழைய பதிவேடுகளை என் மேசையில் அடுக்கியிருந்தார் இன்ஜினியர் சார். இந்தப் பக்கம், இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மண் சரிந்த நாளுடையது. மணிக்கொரு முறை டிரான்ஸ்மிட்டரின் மின்னோட்டம் காட்டும் முள்ளைப் பார்த்து எழுத வேண்டிய பதிவேடு. பக்கத்தில் ஜெனரேட்டர் புத்தகம். அதில், மின்சாரம் போனது 3.20, ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது 5.10.

அன்று நான்கு மணிக்கு எச்சரிக்கை வாசிக்கப்பட்டது. நாலே முக்காலுக்குக் கீழ்த்தெரு மண்ணுக்குள் போனது. ஸ்டுடியோ ஊருக்குள் இருந்தது. பாட்டரி வெளிச்சத்தில் அறிவிப்பாளர் வாசித்தார். குன்றின் உச்சியில் டிரான்ஸ்மிட்டர் செத்துக் கிடந்திருக்கிறது. அந்தக் குரல் அறையைத் தாண்டவே இல்லை.

அப்போது எனக்கு ஐந்து மாதம், வீடு கீழ்த்தெருவில். நான் தூங்க வேண்டுமென்று அம்மா பாட்டரி ரேடியோவை நிறுத்தியிருந்தாள். பின்னறையில் அப்பா காய்ச்சலோடு படுத்திருந்தார். மண் பின்னறைக்குள்தான் வந்தது. மழை பிடித்தால் போதும், "பாவி, நான்தானே நிறுத்தினேன்" என்று ஆரம்பித்துவிடுவாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ரேடியோவை யாரும் நிறுத்தியதில்லை. தூங்கும்போதும் முனகிக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் "நான்கு மணிக்கே நிலையம் எச்சரித்தது" என்ற வரி வரும். ஒன்றும் கேட்கவில்லையே என்றவர்களும் மின்வெட்டையும் மழையையும்தான் குறை சொன்னார்கள். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.

இரண்டு புத்தகங்களையும் சாரின் முன்னால் விரித்து வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அன்று குன்றின் மேல் வேலையில் இருந்தவர் அவர்தான். மழை வலுக்கிறது, ஜெனரேட்டரில் டீசல் இல்லை என்று, ஐந்து மணி வரைக்குமான அளவுகளை மூன்று மணிக்கே எழுதிவைத்துவிட்டு டீசல் வாங்கக் கீழே இறங்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்களாம்.

"ரிட்டயராக ஏழு மாசம்தாம்மா இருக்கு," என்றார். "பழைய வரிய அப்படியே வாசிச்சிடு. உன் வேலையும் இன்னும் நிரந்தரமாகல, இல்ல?"

மிரட்டவில்லை. கெஞ்சினார். எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

நான்கு மணிக்கு நேரலை. மூன்றரைக்கு அம்மா போன் செய்தாள். "நீ பேசப் போறேன்னு பக்கத்து வீட்டுலயும் ரேடியோ போடச் சொல்லிட்டேன். வழக்கம்போல பாதி வார்த்தைய முழுங்கிடாதடி."

இப்போது அந்த முள் ஸ்டுடியோ சுவருக்கே வந்துவிட்டது. பேச்சு காற்றில் போனால் லேசாக அசையும். அதன் கீழே இன்றைய பதிவேடு திறந்து கிடந்தது. மணி 3.56. நான்கு மணிக்கு நேராக ஏற்கெனவே 2.4 என்றிருந்தது, சாரின் கையெழுத்தில். ஐந்துக்கும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவர் என்னையே பார்த்தபடி நின்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. பழைய வரியை எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"அன்று நான்கு மணிக்கு," என்றேன்.

முள் அசைந்தது.