பதினான்காம் நம்பர் கரடு

வேப்பங்குளம் பெண்கள் சாஃப்ட்பால் அணியில் ஊருக்கு மேற்கே இருந்த கரடும், அந்தச் சின்னப் பாறைக்குன்றும், ஆடியது. சட்டை எண் பதினான்கு. ஓட்டத்தில் கொஞ்சம் நிதானம்தான், ஆனால் தன் பக்கம் வந்த பந்தை விட்டதில்லை.

மாவட்ட இறுதி ஆட்டத்தில் அம்பயராக நிற்கும் முறை குழந்தை தெரஸுக்கு வந்தது. அவள் அதே ஊர்ப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். வீடு கரட்டின் அடிவாரத்தில். ஆட்டமில்லாத நாட்களில் மூன்று மணிக்கு மேல் கரட்டு நிழல் விழுந்து அவள் வாசலுக்கு வெயில் வராது.

கடைசி இன்னிங்ஸ். வேப்பங்குளம் ஒரு ரன் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. மூன்றாம் பேஸில் முத்துப்பேச்சி நின்றாள், இரண்டாம் பேஸில் கரடு.

அடித்த பந்து தரையோடு உருண்டு இரண்டு பேஸுக்கும் நடுவே போனது. எதிரணியின் ரபேக்கா அதை எடுக்கக் குனிந்து ஓடினாள். கரடும் ஓடியது. ரபேக்கா அதன் கிழக்குச் சரிவில் மோதி விழுந்தாள். பந்து எல்லைவரை போய் நின்றது. முத்துப்பேச்சி ஓடி முடித்தாள். அவளுக்குப் பின்னால் தரை அதிரக் கரடும் வந்து சேர்ந்தது. ஊர் துண்டைத் தூக்கி வீசியது.

ரபேக்கா விழுந்தபோதே குழந்தை தெரஸ் இரண்டு கைகளையும் உயர்த்தியிருந்தாள்.

"டெட் பால். குறுக்கீடு. கரடு அவுட். ரன் செல்லாது."

பயிற்சியாளர் மாயகிருஷ்ணன் வேகமாக வந்தார்.

"டீச்சர், அது வேணும்னா செஞ்சுச்சு? தன் பாதையிலதான ஓடுச்சு."

"அடிச்ச பந்தை எடுக்க வர்றவளுக்கு வழி விடணும் சார். வேணும்னு செஞ்சுச்சா இல்லையான்னு இதுல கேக்கவே கூடாது. எறிஞ்ச பந்தா இருந்தா அதோட மனசைப் பாத்திருப்பேன்."

"அது கரடு டீச்சர். எங்கிட்டு ஒதுங்கும்?"

"முத்துப்பேச்சி ஒதுங்குவாள்ல? அதே ரூல்தான்."

மாயகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். "தோத்துட்டா அது வேற ஊருக்கு ஆடப் போயிரும். ரெண்டு வருசமா கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. உங்க வீட்டுக்குத்தான் மொத வெயில்."

அது அவளுக்கும் தெரியும். அவள் மைதானத்தைக் கடந்து கரட்டிடம் போனாள். ரபேக்கா மோதிய பாறையில் முழங்கால் ரத்தம் இன்னும் காயவில்லை. மேலே மேய்ந்துகொண்டிருந்த இரண்டு ஆடுகள் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தன. அவள் பாறைமேல் கையை வைத்தாள். அது சூடாக இருந்தது, மூச்சு வாங்கியது.

"நல்லாத்தான் ஓடுன," என்றாள். "ஆனா அவுட்டு."

கரடு மேலிருந்த சரளையை உதறிவிட்டு, ஆடுகள் விழாதபடி மெல்ல நடந்து, தன் அணியின் பெஞ்சுக்கு அருகே போய் உட்கார்ந்தது. குழந்தை தெரஸ் ஸ்கோர் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலமே கரடு ஊரைவிட்டுக் கிளம்பியது. புழுதிக்குப் பயந்து எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். குழந்தை தெரஸ் மட்டும் வாசலில் நின்று, அது தார்ச்சாலையில் ஏறித் திரும்பும்வரை பார்த்தாள்.

"வெயிலு நடுவீடு வரைக்கும் வருதே," என்றார் அவள் கணவர் அந்தோணிராசு.

"வரட்டும்," என்று சொல்லிவிட்டுப் பாயை எடுத்து ஜன்னலில் கட்டினாள்.

திங்கட்கிழமை காலி இடத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஆடுகிறேன் என்று வந்து நின்றது ஒன்றே ஒன்றுதான், வாரத்தின் செவ்வாய்க்கிழமை. சொந்தக் கையுறை வைத்திருந்தது. குழந்தை தெரஸ் வயதுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தாள், சரியாக இருந்தது. காலை ஆறு மணிக்கெல்லாம் மைதானத்தில் நிற்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் அது ஐந்தே முக்காலுக்கே வந்து மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை மைதானத்தில் இருந்ததால், ஊரில் அன்றே புதன்கிழமைச் சந்தை கூடியது.