பெயிண்ட் காயட்டும்

“அந்தப் பிளக்கைப் பிடுங்காதீங்க” என்றார் பெயிண்டர்.

குளிர்பெட்டி கொண்டுவந்த ஆள் சுவரோரம் குனிந்தபடியே திரும்பிப் பார்த்தான். கூடத்தில் கைக்கு எட்டுகிற பிளக் அது ஒன்றுதான். அதில் டிவியும், டிவிக்குக் கீழே இருந்த கேம் மெஷினும் செருகியிருந்தன. மெஷினின் முகப்பில் சின்னதாக ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பெட்டிக்குக் கரண்ட் வேணும் சார். வேற பாயிண்ட் காணோம்.”

“சமையலறைல இருந்து இழுத்துக்குங்க. இதைத் தொட வேணாம். இன்னும் காயல.”

எது காயவில்லை என்று அந்த ஆளுக்குப் புரியவில்லை. துக்க வீடுகளுக்குப் போய்ப் பழகியவன் என்பதால் பெயிண்டரின் மகளைப் பார்த்தான். அவள் உள்ளே போய் பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டு, நீளமான ஒயரின் நுனியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது. உள்ளே பெயிண்டரின் மகன் படுத்திருந்தான். இருபத்து மூன்று வயது. பத்து வயதுப் பையனுக்குத் தைத்த சட்டை போதும் என்கிற உடம்பு.

வீட்டில் அவனுக்கு ஸ்பீடு என்று பெயர். ரொம்பத் தாமதமாக நடக்கத் தொடங்கியவனைக் கேலி செய்து அக்கா வைத்தது. தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய் என்று டாக்டர் சொன்ன பிறகு அம்மா அந்தப் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டாள். அவன்தான் விடவில்லை. “ஸ்பீடுன்னு கூப்பிட்டாத்தான் திரும்புவேன்” என்று படுக்கையிலிருந்தே அடம் பிடித்தான்.

கால் போனது, முதுகு போனது. விரல்கள் கொஞ்சம் மிச்சமிருந்தபோது அக்கா தன் சம்பளத்தில் அந்த மெஷினை வாங்கிக் கொடுத்தாள். தெருக்களில் கார் பந்தயம் விடுகிற விளையாட்டு. அதில் ஒரு கதையும் உண்டு. அண்ணனின் காரைப் பறிகொடுத்த ஒரு பையன் ஊருக்குப் புதிதாக வந்து, பழைய கார் ஒன்றைத் தேற்றிக்கொண்டு, ஒவ்வொருத்தனாக ஜெயித்துக்கொண்டே போவான். கடைசியில் காரைப் பறித்தவனோடு பந்தயம். அவன் நடுராத்திரியிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பான்.

“கண்ணு தெரியாதவன் கிட்டயா இத்தனை நாளா தோத்துக்கிட்டிருக்கே?” என்று பெயிண்டர் கேட்பார்.

“இன்னும் அவன்கிட்டயே போகலப்பா. அவன் கடைசில வருவான்.”

பெயிண்டருக்குப் பந்தயத்தில் ஆர்வமில்லை. அவரை இழுத்தது காரேஜ்தான். பந்தயம் முடிந்ததும் கார் அங்கே வந்து ஒரு மேடைமேல் மெல்லச் சுற்றும். சக்கரம் மாற்றலாம், பம்பர் மாற்றலாம், வேண்டிய நிறம் அடிக்கலாம். பையனுக்கு விரல் சொன்னபடி கேட்காது. வழியில் ஒரு சுவரையும் சும்மா விடமாட்டான். கார் தினமும் அடிபட்டு, கீறல் விழுந்து, பார்க்கச் சகிக்காமல் வந்து நிற்கும். நாம் சரிசெய்யாதவரை கீறல் அப்படியே இருக்கும். நாளெல்லாம் பட்டறையில் யார் யாருடைய வண்டியையோ தேய்த்து பெயிண்ட் அடித்துவிட்டு வரும் மனிதர், கையில் தின்னர் வாடை போவதற்குள் இங்கேயும் அதே வேலைக்கு உட்கார்ந்துவிடுவார்.

பட்டறையில் அவர் அடித்த வண்டியை மறுநாளுக்கு முன் யாரும் எடுத்துவிட முடியாது. முதலாளியே கேட்டாலும் நடக்காது. காய்ந்ததா என்று பார்க்கக்கூட வண்டியைத் தொடமாட்டார். ஓரத்தில் ஒட்டிய டேப்பின்மேல் படிந்த பெயிண்டைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்ப்பார். அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். காரேஜில் பெயிண்ட் அடித்தால் அன்றைக்கு அந்தக் கார் வெளியே போகக் கூடாது. முதலில் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அப்படிச் சொன்ன மறுநாள் பையன் சீக்கிரம் கண் விழித்து, “அப்பா, காஞ்சிருக்குமா?” என்று கேட்டான். அவன் அடுத்த நாளைப் பற்றிப் பேசியே பல மாதங்கள் ஆகியிருந்தன. அதன்பிறகு பெயிண்டர் அந்தச் சட்டத்தை ஒருநாளும் தளர்த்தவில்லை.

நேற்றும் அப்படித்தான். கறுப்புக் கண்ணாடிக்காரனோடு பந்தயம் மட்டும்தான் பாக்கி. அதற்கு வண்டி புதிதாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மாலை முழுக்கச் சண்டை போட்டார்கள். பையன் நெருப்புப் படம் ஒட்டச் சொன்னான். “மிட்டாய் வண்டி மாதிரி இருக்கு” என்று இவர் எடுத்துவிட்டார். கடைசியில் கருநீலம் என்று முடிவாகி, மேலே லேசாக மினுமினுப்பும் கொடுத்தார்கள். கார் மேடையில் சுற்றிக்கொண்டிருந்தது.

“இன்னைக்கே ஓட்டிடறேன்பா.”

“காயட்டும்டா. நாளைக்கு.”

“அது டிவிப்பா.”

“எதுவா இருந்தா என்ன? அவசரப்பட்டு எடுத்தா நகம் பட்டாக்கூட வந்துடும்.”

பையன் சிரித்தான். மூச்சு கொஞ்சம் வாங்கியது. “இன்னைக்கு மட்டும்பா” என்றான் மறுபடியும். பெயிண்டர் அவன் விரல்களுக்கு நடுவிலிருந்து கண்ட்ரோலரை எடுத்துத் தலைமாட்டில் வைத்தார். விடிந்தபோது அவன் இல்லை.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. பட்டறை ஆட்கள் வந்தார்கள், வேலை உடுப்போடு ஓரமாக நின்றார்கள், போனார்கள். குளிர்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கூடத்தின் நடுவில் அது நின்ற இடம் மட்டும் ஈரமாக இருந்தது. மனைவி உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பெயிண்டர் மகனின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தால் வாங்கவில்லை, தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை.

“ஒரு நாள்” என்றார் திடீரென்று. “ஒரே ஒரு நாள் விட்டிருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும், பாப்பா?”

மகளுக்கு முப்பது வயது. இன்னும் பாப்பாதான். மருந்துக் கடையில் கல்லாவில் நிற்கிறவள்; வேலை முடிந்து வர எப்போதும் எட்டு மணி தாண்டிவிடும். தம்பியும் அப்பாவும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரங்களில் அவள் இருந்ததில்லை. அவர் வாங்காத காபி டம்ளரோடு எதிரே உட்கார்ந்தாள்.

“அப்பா, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னான்.”

“என்னது?”

“நீங்க படுத்த பெறகு என்னைக் கூப்பிட்டான். கண்ட்ரோலரைக் கைல வெக்கச் சொன்னான். ஓட்டிட்டான்பா.”

பெயிண்டர் நிமிர்ந்தார். “கடைசிப் பந்தயத்தையா?”

“ஆமா. ஜெயிச்சிட்டான். அந்தக் கண்ணாடிக்காரன் மூஞ்சி தொங்கிப்போச்சு. இவனுக்கு ஒரே சிரிப்பு. அப்பாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாருன்னான்.”

 பெயிண்டர் வாய்விட்டு அழுதார். காலையிலிருந்து அப்போதுதான் அழுகிறார். மகள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “டிவியைப் போடு” என்றார்.

“இப்ப எதுக்குப்பா?”

“சும்மா. பாக்கணும்.”

அவள் தயங்கினாள். அவரே எழுந்து போட்டார். கார் மேடைமேல் சுற்றிக்கொண்டிருந்தது. கருநீலம். அவர் பட்டறையில் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். முன் பம்பர் வந்தது. இடப்பக்கக் கதவுகள் வந்தன. பின்பக்கம், வலப்பக்கம், மறுபடி முன்பக்கம். முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அப்படி இருந்தது. ஊரிலுள்ள சுவரையெல்லாம் இடிக்கிறவன், கடைசிப் பந்தயத்தை முடித்துக் கொண்டுவந்து விட்ட கார்.

மகள் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை. பெயிண்டர் திரையிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார்.

“பரவால்லையே” என்றார் பெயிண்டர். “ஒரு கீறல்கூட விழாம கொண்டாந்து விட்டிருக்கான்.”

“ஆமாப்பா” என்றாள் அவள். தோள் தளர்ந்தது. “நல்லா ஓட்டினான்.”

“திட்டியிருக்க மாட்டேன்.”

“தெரியும்பா.”

“பசிக்குது, பாப்பா. இருந்தா ஏதாவது போடு. உங்கம்மாவையும் எழுப்பு, மூணு பேரும் சாப்பிடுவோம். பிரிட்ஜ் பிளக்கை மறுபடி மாட்டினியா?”

“மறந்தே போச்சு” என்று அவள் எழுந்து உள்ளே போனாள். பிரிட்ஜ் முனகத் தொடங்கும் சத்தமும், அம்மாவை அவள் கூப்பிடும் சத்தமும் கேட்டன.

பெயிண்டர் டிவியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். திரையின் மூலையில், அடுத்த பந்தயம் யாரோடு என்று காட்டும் சின்னக் கட்டத்துக்குள் கறுப்புக் கண்ணாடிக்காரன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். கார் இன்னொரு சுற்று வந்தது. அவர் காரைத் தொடவில்லை. ஓரமாக, டிவியின் சட்டத்தில் சுண்டுவிரலை மெல்ல வைத்து எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் விரலைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. வழக்கம்போல அதைச் சட்டை ஓரத்தில் துடைத்துக்கொண்டார்.